இருபது வயதில் அல்ஜீரியா: கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாயை எப்படிப் பார்ப்பது?

#1 வடகரை

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட அல்ஜீரியர்கள் நடத்திய அல்ஜீரியப் போர் என்றால் நம்மவர்கள் அந்தப் போரை நடத்திய விடுதலை முன்னணியைப் பற்றிப் பேசுவார்கள், பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் பற்றிப் பேசுவார்கள். கடல் தாண்டி அங்கே அனுப்பப்பட்ட பிரெஞ்சுப் பையன்களைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. 1954 நவம்பர் முதல் 1962 மார்ச் வரை கட்டாய ராணுவ சேவைக்காக அழைக்கப்பட்டு அங்கே போனவர்கள் மட்டும் 12 லட்சம் பேர் இருப்பார்கள். பாராசூட் படை, அந்நியர் படை போன்ற முழுநேரப் பட்டாளம் தனிக்கணக்கு. இந்த இழையில் நான் கேட்பது அந்த 12 லட்சம் பேரைப் பற்றி.

அவன் யார்? பெரும்பாலும் 1930களில் பிறந்தவன். குழந்தையாக இருக்கும்போது ஜெர்மன் பட்டாளம் தன் ஊர்த் தெருவில் நடந்ததைப் பார்த்தவன். அப்பாவோ மாமாவோ ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்திருப்பார்கள். விவசாயி மகன், ஆலைத் தொழிலாளி, வாத்தியார் வேலைக்குப் படித்தவன் என்று எல்லா வகையும் உண்டு. அன்றைய பிரான்சில் ஓட்டுரிமை 21 வயதில்தான். ஆக, இந்தப் போர் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சீட்டில்கூடச் சொல்ல முடியாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

ஓட்டுப் போட்டவர்கள் கேட்டதும் இந்தப் போரை அல்ல. 1956 ஜனவரித் தேர்தலில் கீ மொல்லேயின் அணி அல்ஜீரியாவில் சமாதானம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது. பிரதமரான மொல்லே பிப்ரவரி 6 அன்று அல்ஜியர்ஸ் போனார். அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் அவர் மீது தக்காளி வீசினார்கள். அதோடு அவர் போக்கே மாறிவிட்டது. மார்ச் 12 அன்று சிறப்பு அதிகாரச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும் ஆதரித்து ஓட்டளித்தார்கள். 18 மாத சேவை 27 மாதம், 28 மாதம், சிலருக்கு 30 மாதம் என்று நீண்டது. சேவை முடித்து வீட்டுக்குப் போனவர்களையும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்கள் சும்மா போகவில்லை. 1955, 1956 இரண்டு ஆண்டுகளிலும் ரயில்களில் அபாயச் சங்கிலியை இழுத்து நிறுத்தினார்கள். ரூவான் நகரில் முகாமை விட்டு வெளியே வரவே மறுத்தார்கள். போலீஸ் வந்தது, கடைசியில் கப்பல் ஏறினார்கள்.

மார்சேய் துறைமுகம், கப்பலின் அடித்தளம், வாந்தி, அல்ஜியர்ஸ் அல்லது ஓரான். அப்புறம் லாரியில் ஏறி ஏதோ ஒரு குன்றின் மேல் இருக்கும் காவல் சாவடி. முப்பது நாற்பது பேர், மணல்மூட்டை, முள்கம்பி. பகலில் ரோந்து, தண்ணீர் எடுக்கப் போவது, கடிதத்துக்குக் காத்திருப்பது. இரவில் காவல். மாதக்கணக்கில் எதிரியின் முகத்தைப் பார்க்காதவர்கள் நிறைய. ஆனால் ஊர்மக்கள் முகத்தைத் தினமும் பார்த்தார்கள். வீடு வீடாகச் சோதனை போட்டதும், தானியத்தைக் கொட்டிக் கலைத்ததும், தடை செய்யப்பட்ட பகுதி என்று அறிவித்த ஊர்களைக் கொளுத்தியதும் இவர்கள்தான். சாவடியின் பின்பக்க அறையில் களத் தொலைபேசிக்கு மின்சாரம் தரும் கைச்சுழல் யந்திரம் ஒன்று இருக்கும். அதன் கம்பிகளைக் கைதியின் உடம்பில் மாட்டிச் சுழற்றுவார்கள். ‘ழெழேன்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயர். விறகு பொறுக்க என்று கைதியை வெளியே கூட்டிப்போய், தப்ப முயன்றான் என்று முதுகில் சுடுவதற்கும் ஒரு பெயர் இருந்தது: விறகு வேலை.

ஒருவன் யந்திரத்தைச் சுழற்றினான். ஒருவன் கதவருகே காவல் நின்றான். ஒருவன் பக்கத்து அறையில் படுத்து அலறலைக் கேட்டான். இந்த மூவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. மூவரையும் ‘பாவம், அவர்களும் பலியானவர்கள்தான்’ என்று விட்டுவிடவும் மனமில்லை. சாதாரணமான ஒரு பையன் அந்த அறை வரைக்கும் எந்தெந்தப் படியில் இறங்கினான் என்பதை நாம் சேர்ந்து பேசலாமா?

#2 முல்லைநிலம்

நல்ல பதிவு. ஆனால் எனக்கு இதில் அடிப்படையான மறுப்பு இருக்கிறது, நேராகவே சொல்கிறேன்.

சிப்பாயின் மனவேதனையைப் பேசுவதற்கு உலகத்தில் இடம் எப்போதும் இருக்கிறது. அந்தச் சாவடிக்குக் கீழே இருந்த ஊரின் பெண்ணைப் பற்றிப் பேச யார் இழை திறக்கிறார்கள்? 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம மக்களை நிலத்திலிருந்து பிடுங்கி முள்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். ஆடுமாடு போயிற்று, விதை போயிற்று. அந்த முகாம்களில் குழந்தைகள் பசியால் செத்துக்கொண்டிருந்ததை 1959இல் பிரெஞ்சு அரசின் இளம் அதிகாரி ஒருவரே அறிக்கையாக எழுதினார். மிஷெல் ரொக்கார், பின்னாளில் பிரதமரானவர். மொத்தம் இறந்த அல்ஜீரியர்களை வரலாற்றாசிரியர்கள் இரண்டரை லட்சத்திலிருந்து நாலு லட்சம் வரை கணக்கிடுகிறார்கள். அல்ஜீரிய அரசு 15 லட்சம் என்கிறது. பிரெஞ்சுத் தரப்பில் இறந்த சிப்பாய்கள் சுமார் 25,000. இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

#3 வடகரை

முல்லைநிலம், அந்தக் கணக்கு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதில் எனக்கு வாதமே இல்லை.

ஆனால் அந்த முகாமுக்கு ஊரை நடத்திக்கொண்டு போனவன் இந்தப் பையன்தான். அவனை விட்டுவிட்டால் ‘பிரான்ஸ் செய்தது’ என்று ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவோம். இன்னொன்று. அந்தக் காலத்திலேயே பிரான்சுக்கு உள்ளே உண்மையைக் கொண்டுவந்தவர்களில் இப்படிப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். ழான் முல்லேர் என்று ஒரு கத்தோலிக்க இளைஞர். சாரணர் இயக்கத்தில் பொறுப்பில் இருந்தவர், திரும்ப அழைக்கப்பட்டு 1956இல் அங்கே போனார். அந்த அக்டோபரிலேயே கொல்லப்பட்டார். சித்திரவதையையும் கொலைகளையும் ஊருக்குக் கடிதங்களில் எழுதியிருந்தார். 1957 பிப்ரவரியில் ஒரு கத்தோலிக்க இதழ் அவற்றை வெளியிட்டபோதுதான், ‘நம்ம வீட்டுப் பிள்ளைகளா இப்படிச் செய்கிறார்கள்’ என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்தது. எதிரி சொன்னால் பிரச்சாரம் என்று தள்ளிவிடலாம். செத்துப்போன சொந்தப் பையன் எழுதியதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை.

#4 சொல்தா வீட்டுப் பிள்ளை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இந்த விஷயம் எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை.

1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் எழுச்சி தொடங்கியது. அதே நாளில்தான் புதுச்சேரியும் காரைக்காலும் நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. பிரான்ஸ் ஒரு பக்கம் கொடியை இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் படையில் இருந்த எங்கள் ஊர்த் தமிழர்கள் இன்னொரு பக்கம் அதே கொடிக்காக நின்றார்கள். இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், பிரான்ஸ் நடத்திய போருக்குப் போனவர்கள் அதிகம். அங்கிருந்து அப்படியே அல்ஜீரியாவுக்கும் போனார்கள். எங்கள் பக்கம் அவர்களைச் சொல்தா என்போம். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியத்தால் எழுந்த வீடுகள் இங்கே எத்தனையோ தெருவில் உண்டு, என் வீடும் அதில் ஒன்று.

என் அம்மாவின் அப்பா கட்டாயத்தால் போனவர் இல்லை. கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர். வீட்டில் வறுமை, வேறு வழி தெரியவில்லை என்பார். சைகோன் பற்றி எத்தனை வேண்டுமானாலும் பேசுவார். மழை, சோறு, அங்கே கிடைத்த மீன் என்று போய்க்கொண்டே இருக்கும். அல்ஜீரியா என்று கேட்டால், ‘குளிர் ஜாஸ்தி’ என்பதோடு நிறுத்திவிடுவார். ஒரே ஒரு தடவை என் மாமாவிடம் சொன்னாராம்: சோதனைக்குப் போன ஊரில் ஒரு கிழவர் இவர் நிறத்தைப் பார்த்துவிட்டு, நீ எதற்கு இவர்களோடு வந்தாய் என்று கேட்டார், பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன் என்று.

அடிமைப்பட்ட நாட்டுக்காரனை வைத்து இன்னொரு அடிமைப்பட்ட நாட்டை அடக்குவது பழைய வழக்கம். செனகல்காரர்கள், மொராக்கோகாரர்கள், அல்ஜீரியாவிலேயே சேர்த்த ஹர்க்கிகள் எல்லாரும் இதில் உண்டு. தாத்தாவை நான் நேசிக்கிறேன். அவர் அங்கே என்ன செய்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் வடகரை அண்ணா கேட்ட கேள்வி எனக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது.

#5 பழைய பட்டாளம்

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கிளர்ச்சி நடந்த பகுதிகளில் பணி செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சில விஷயங்கள்.

இருபது வயசுப் பையன்கள் ஒரு சாவடியில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது முக்கால்வாசி அவர்களுக்கு மேலே இருக்கும் ஆளைப் பொறுத்தது. அல்ஜீரியாவில் பல பிளாட்டூன்களுக்குத் தலைவன் 22, 23 வயசுக் கட்டாய சேவை அதிகாரி. அவனும் நேற்றுவரை மாணவன். உண்மையான அதிகாரம் அவனுக்குக் கீழே இருக்கிற அனுபவப்பட்ட ஹவில்தார், சுபேதார் வகை ஆட்களிடமும், மேலே இருக்கிற கேப்டன்களிடமும் இருந்தது. இவர்களில் எத்தனையோ பேர் இந்தோசீனாவில் அடிபட்டு வந்தவர்கள். வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது 1954 மே மாதம், அல்ஜீரியா வெடித்தது அந்த நவம்பர். இடையில் ஆறே மாதம். இனி ஒரு தோல்வி கூடாது, மக்களுக்குள் மறைந்திருக்கும் எதிரியைத் தகவலால்தான் பிடிக்க முடியும், தகவல் எப்படி வந்தாலும் சரி என்று ஒரு போர்க்கொள்கையையே உருவாக்கிக்கொண்டு வந்தார்கள். 1957இல் அல்ஜியர்ஸ் நகரத்தை ஜெனரல் மஸ்ஸுவின் 10ஆம் பாராசூட் டிவிஷனிடம் ஒப்படைத்தபோது போலீஸ் அதிகாரமும் சேர்ந்து அவர்கள் கைக்குப் போயிற்று. அங்கே நடந்தது பிறகு குன்றுச் சாவடிகளுக்கும் பாடமாக இறங்கியது. ஆகவே சித்திரவதையை ஏதோ கோபத்தில் பையன்கள் செய்த காரியம் என்று நினைக்கக் கூடாது. அதற்கென்றே தனி விசாரணைப் பிரிவுகள் இருந்தன, அவற்றில் எழுத்தர், காவலாள், மொழிபெயர்ப்பாளர் வேலைக்குக் கட்டாய சேவைப் பையன்களைப் போட்டார்கள்.

அதே நேரத்தில் வேறு மாதிரியும் நடத்த முடிந்தது. ஜெனரல் பொலார்தியேர் தன் பகுதியில் சித்திரவதையை ஏற்கவில்லை. 1957 மார்ச்சில் தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொன்னார். தன் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னதற்கு அவருக்கு 60 நாள் கோட்டைச் சிறை. அல்ஜியர்ஸ் போலீஸ் நிர்வாகத்தின் செயலாளர் போல் தெத்ஜன் ராஜினாமா செய்தார். கைதிகளின் உடம்பில், 14 வருஷத்துக்கு முன் நான்சி நகரத்தில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் நிலவறையில் தான் பட்ட சித்திரவதையின் தடங்களைப் பார்த்ததாக அவர் எழுதிக் கொடுத்தார். பாராசூட் படையிடம் ஒப்படைத்த கைதிகளில் 3,000 பேருக்கு மேல் காணாமல் போனதாக அவருடைய கணக்கு.

இப்படிப்பட்ட ஜெனரலுக்குக் கீழே இருந்த பையனும் மஸ்ஸுவுக்குக் கீழே இருந்த பையனும் ஒரே ஊர்ப் பிள்ளைகளாக இருந்திருக்கலாம். வந்து சேர்ந்த இடம் வேறு. பையனை மட்டும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

#6 கொடிமரம்

எல்லாரும் ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறீர்கள். 1956 மே 18 அன்று பலெஸ்ட்ரோ அருகே நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பையன்களின் மனநிலை புரியாது. திரும்ப அழைக்கப்பட்ட பாரிஸ் பக்கத்துப் பையன்கள், அல்ஜீரியாவுக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 21 பேர் ரோந்து போனார்கள், விடுதலை முன்னணிக்காரர்கள் பதுங்கித் தாக்கினார்கள், கடைசியில் ஒருவனைத்தான் உயிரோடு மீட்டார்கள். உடல்கள் சிதைக்கப்பட்டிருந்தன. அடுத்த வருஷம் மெலூஸா பக்கத்து ஊரில் விடுதலை முன்னணிக்காரர்களே, தங்களுக்குப் போட்டியான இன்னொரு அல்ஜீரிய விடுதலை இயக்கத்துக்கு ஆதரவு தந்தார்கள் என்று சுமார் 300 அல்ஜீரிய ஆண்களைக் கொன்றார்கள். இதையெல்லாம் பார்த்த இருபது வயசுப் பையன் பிறகு கைதியை மனுஷனாகப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா?

#7 முல்லைநிலம்

கொடிமரம், பலெஸ்ட்ரோவையும் மெலூஸாவையும் நான் மறைக்க மாட்டேன். மெலூஸா படுகொலைதான், வேறு பெயர் அதற்கு இல்லை.

ஆனால் பலெஸ்ட்ரோவோடு கதையை நிறுத்தாதீர்கள். பதுங்கித் தாக்குதல் நடந்த பிறகு படை அந்த ஊருக்குள் போனது. தாக்குதலில் கை வைக்காத ஊர்க்காரர்களைக் கொன்றது. பிரான்சின் பத்திரிகைகளில் அந்த 20 பேரின் மரணம் பக்கம் பக்கமாக வந்தது, ஊர்க்காரர்கள் மரணத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பின்னோக்கியும் போங்கள். 1945 மே 8, ஐரோப்பாவில் நாஜிகள் சரணடைந்த அன்று, செத்தீஃப் நகரத்தில் ஊர்வலம் போனவர்கள் மீது சுட்டார்கள். வெகுண்டெழுந்தவர்கள் நூறு ஐரோப்பியர்கள் அளவில் கொன்றார்கள், அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கும் பின்னால் 1830இலிருந்து பிடுங்கிய நிலம் இருக்கிறது. 90 லட்சம் பேர் நடுவில் 10 லட்சம் ஐரோப்பியருக்குத்தான் முழு உரிமை. இந்தப் பையன் வந்து இறங்கியபோது அவனிடம் இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. அல்ஜீரியா பிரான்சின் மாவட்டம், அங்கே சில கொள்ளைக்காரர்கள் கலகம் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். தோழன் சாகும்போது அவன் கையில் இருந்த விளக்கம் அவ்வளவுதான்.

#8 வடகரை

இங்கேதான் அந்தப் படிகள் எனக்குக் கொஞ்சம் தெரிகின்றன. திரும்பி வந்தவர்கள் எழுதியதையும் சொன்னதையும் படித்த வரையில், யாரும் முதல் நாளே அந்த அறைக்குள் போகவில்லை.

முதல் சோதனையில் கிழவியின் எண்ணெய் ஜாடியை ஒருவன் உடைப்பான். மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்த முறை கோழியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், அன்றைக்குச் சாவடியில் நல்ல சாப்பாடு. அப்புறம் வீட்டுக்குத் தீ வைக்கக் கட்டளை வரும், எழுத்தில் வந்த கட்டளை. தடை செய்யப்பட்ட பகுதியில் அசைவது எதுவானாலும் சுடலாம் என்பதும் கட்டளை. அதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும். தூக்கம் கெட்டிருக்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் ஒரு நாள் திரும்பி வந்திருக்க மாட்டான். இதற்கு நடுவில் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வரும்: கோதுமை அறுவடை முடிந்தது, தங்கைக்கு நிச்சயம் ஆயிற்று. இவன் என்ன பதில் எழுதுவான்? ‘இங்கே நல்ல வெயில், கவலைப்பட வேண்டாம்.’ வாயை மூடுவது அங்கே, போர் நடக்கும்போதே தொடங்கிவிட்டது.

பழைய பட்டாளம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இறந்த 25,000 சிப்பாய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சண்டையில் சாகவில்லை. லாரி கவிழ்ந்தும், துப்பாக்கி தவறி வெடித்தும், காவலில் இருந்தவன் பயந்துபோய்ச் சொந்த ஆளையே சுட்டும் இறந்தவர்கள் அவர்கள். சில மாதப் பயிற்சியோடு அனுப்பப்பட்ட பையன்கள்.

#9 பழைய பட்டாளம்

அந்த மூன்றில் ஒரு பங்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை. குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு பயந்த பையன்களை இருட்டில் நிறுத்தினால் அதுதான் நடக்கும்.

#10 கடற்காகம்

மறுத்தவர்களை யாருமே பேசவில்லையே. என்னைப் பொறுத்தவரை இந்த இழையின் மையம் அவர்கள்தான்.

அல்பான் லியெஷ்டி, தோட்டக்காரர், கம்யூனிஸ்ட். 1956 ஜூலையில் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார்: விடுதலைக்காகப் போராடும் மக்கள் மீது ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று. இவர் கட்சி நாடாளுமன்றத்தில் எந்தப் பக்கம் ஓட்டளித்தது என்று மேலே வடகரை எழுதியிருக்கிறார், கட்சி அவரைத் தூண்டிவிடவில்லை. மொத்தம் நான்கு ஆண்டு சிறை.

நோயெல் ஃபாவ்ரெலியேர் கதை இன்னும் கூர்மையானது. பாராசூட் படையில் சார்ஜென்ட், திரும்ப அழைக்கப்பட்டவர். 1956 ஆகஸ்டில் ஒரு அல்ஜீரியக் கைதியைக் காலையில் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தது. இரவில் கைதியைக் கூட்டிக்கொண்டு துனீசியா எல்லையை நோக்கிப் பாலைவனத்தில் நடந்தார். இருவரும் பிழைத்தார்கள். அவர் இல்லாமலே விசாரித்து அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

இப்படி மறுத்தவர்கள், அழைப்புக்கு வராதவர்கள், ஓடிப்போனவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சுமார் 12,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 12 லட்சத்தில் நூற்றில் ஒருவர். மனசாட்சிக்காகப் படைக்கு வர மறுப்பவர்களுக்கு அன்று சட்டத்தில் இடமே இல்லை. லூயி லெக்குவான் என்ற முதியவர் 73 வயதில் உண்ணாவிரதம் இருந்துதான் 1963 டிசம்பரில் அந்தச் சட்டம் வந்தது, போர் முடிந்த பிறகு. ஆகவே ‘வேறு வழியே இல்லை’ என்பது உண்மையல்ல. வழி இருந்தது, விலை கடுமையாக இருந்தது.

#11 கொடிமரம்

நூற்றில் ஒருவரை வைத்து மற்ற 99 பேரை அளப்பது சரியா? ஃபாவ்ரெலியேர் வீரர். வீரராக இல்லாததைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

#12 முல்லைநிலம்

பாலைவனத்தைக் கடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கைப்பிடியைச் சுழற்ற மாட்டேன் என்று சொல்லிச் சமையலறைக்கு மாற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு மரண தண்டனை இல்லை. சக சிப்பாய்களின் கேலி, பதவி உயர்வு போவது, மோசமான காவல் நேரம். இந்த விலையைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

1961 ஏப்ரலையும் பாருங்கள். ஷால், ஸலான், ழூஓ, ஸெல்லேர் என்று நான்கு ஜெனரல்கள், அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அல்ஜியர்ஸில் ஆட்சிக் கவிழ்ப்பில் இறங்கினார்கள். 23ஆம் தேதி இரவு தெ கோல் வானொலியில் பேசினார், அவர்கள் கட்டளையை எந்தச் சிப்பாயும் நிறைவேற்றக் கூடாது என்றார். குன்றுச் சாவடிகளில் பையன்கள் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மறுநாள் வண்டிகள் கிளம்பவில்லை, தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை, சில இடத்தில் அதிகாரிகளையே அடைத்து வைத்தார்கள். சில நாளில் கலகம் படுத்துவிட்டது. ஜெனரல்களுக்கே முடியாது என்று சொல்லத் தெரிந்த அதே பையன்களுக்கு, ஒரு கைதிக்காக அதைச் சொல்லத் தெரியவில்லையா?

#13 வடகரை

இந்தக் கேள்வியோடு நான் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 1961இல் அவர்களுக்கு மூன்று பலம் இருந்தது. நாட்டின் தலைவரே கீழ்ப்படியாதே என்றார். சாவடியில் எல்லாரும் ஒன்றாக மறுத்தார்கள், தனியாக யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, கலகம் ஜெயித்தால் போர் நீளும், வீட்டுக்குப் போக முடியாது. கைதி விஷயத்தில் இது மூன்றும் இல்லை. மறுப்பவன் தனி ஆள். மேலிருந்து வருவதெல்லாம் சரி, செய் என்ற குரல். கைதியைக் காப்பாற்றினால் தனக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, ‘நாளைக்கு நம்மாள் செத்தால் உன்னால்தான்’ என்ற பேச்சுதான் கிடைக்கும்.

இதைச் சொல்வதால் அவனை விடுவிக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. அந்த அறையில் இருந்த கைதிக்கு இந்த விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் குற்றத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னால் என் பிரிப்பு இது: பெரும்பங்கு மொல்லே அமைச்சரவையிலிருந்து தொடங்கி, நடப்பது தெரிந்தும் அதிகாரத்தை நீட்டித்தவர்களுக்கு. அடுத்து அதைப் பாடமாக்கிக் கற்பித்த தளபதிகளுக்கு. மிச்சப் பங்கு சின்னது என்றாலும் அது அந்தப் பையனுடையது, வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

#14 சொல்தா வீட்டுப் பிள்ளை

திரும்பி வந்த பிறகு ஏன் யாரும் பேசவில்லை? என் தாத்தா மட்டும்தான் அப்படியா?

#15 கடற்காகம்

இல்லை தம்பி, பெரும்பாலோர் அப்படித்தான். பேசாமல் இருக்க அரசே வசதி செய்து கொடுத்தது. போரை முடித்த எவியான் ஒப்பந்தம் 1962 மார்ச் 18, பொதுமன்னிப்பு ஆணை மார்ச் 22. அதன் பிறகு எந்தச் சித்திரவதைக்காரரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியவில்லை. அது போர் என்றுகூட அரசு ஒப்புக்கொள்ளவில்லை, ஒழுங்கு காக்கும் நடவடிக்கை என்று எழுதிவைத்தது. போர் என்று சட்டத்தில் எழுதியது 1999இல். இருபது வயதில் போனவன் அதற்குள் தாத்தாவாகிவிட்டான். வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அப்பன் தலைமுறைக்கு முதல் உலகப் போரின் வெர்தூன் போர் இருந்தது, நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பு இயக்கம் இருந்தது. இவர்கள் தோற்றுப்போன, வெட்கப்படும்படியான ஒரு விஷயத்திலிருந்து வந்தவர்கள்.

2000 ஜூனில் லூய்ஸெத் இகிலாஹ்ரிஸ் என்ற அல்ஜீரியப் போராளி, 1957இல் தனக்கு நடந்த சித்திரவதையையும் வன்புணர்ச்சியையும் லெ மோந்த் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அணை உடைந்தது. மஸ்ஸு வருத்தம் தெரிவித்தார். ஓஸ்ஸாரெஸ் என்ற ஜெனரல் தான் கொன்றதை 2001இல் வருத்தமே இல்லாமல் எழுதினார். பல முதியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் முதல் தடவையாக வாய் திறந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த செயல் 2004இல் தெற்குப் பிரான்சின் தார்ன் பகுதியில் நடந்தது. ரெமி ஸேர் உள்பட நான்கு விவசாயிகள். 65 வயதானதும் முன்னாள் போர்வீரர்களுக்கான சிறு ஓய்வூதியம் அவர்களுக்கு வந்தது. அந்தப் பணத்தைத் தொட மனம் வரவில்லை. ஒரு சங்கம் வைத்து அதை அல்ஜீரியாவில் ஊர்நலத் திட்டங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மற்ற முதியவர்களும் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தாங்கள் பார்த்ததையும் செய்ததையும் பிள்ளைகளிடம் பேசினார்கள்.

#16 முல்லைநிலம்

அந்த விவசாயிகளை நான் மதிக்கிறேன்.

மார்க் கரான்ஷே பற்றியும் சேர்த்துவிடுகிறேன். கட்டாய சேவையில் படைப்பிரிவின் புகைப்படக்காரர். 1960இல் முகாம்களில் இருந்த கிராமத்து மக்களுக்கு அடையாள அட்டை தர வேண்டும் என்று தளபதி சொன்னார். பத்து நாளில் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள். முக்காட்டை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். தங்களைப் படமெடுப்பவனை அந்தப் பெண்கள் பார்த்த பார்வை ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. கரான்ஷே அதைப் புரிந்துகொண்டார், அந்தப் படங்களைப் போருக்கு எதிரான சாட்சியமாக வெளியிட்டார். 2004இல் அந்த ஊர்களுக்குப் படங்களோடு திரும்பிப் போனார். சில வீடுகளில் அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அதுதான். என் முதல் பதிவில் கேட்ட பெண்ணின் முகம், கடைசியில் ஒரு சிப்பாய் எடுத்த படத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

#17 பழைய பட்டாளம்

கண்ணிவெடியையும் பதிவு செய்கிறேன். துனீசியா, மொராக்கோ எல்லைகளில் மின்கம்பி வேலியும் கண்ணிவெடியும் சேர்த்துப் போட்டார்கள், 1957இல் தொடங்கியது. புதைத்ததும் காவல் நின்றதும் இதே வயசுப் பையன்கள்தான். போர் முடிந்தும் மேய்ச்சலுக்குப் போன பிள்ளைகளுக்குக் கால் போனது. புதைத்த இடங்களின் வரைபடத்தை பிரான்ஸ் அல்ஜீரியாவிடம் கொடுத்தது 2007இல். அகற்றி முடித்ததாக அல்ஜீரியா அறிவித்தது 2017இல். எந்தப் படையும் புதைத்த அன்றே வரைபடம் வரைந்து வைத்திருக்கும், அதை 45 வருஷம் கொடுக்காமல் வைத்திருந்ததற்குப் பையன்கள் பொறுப்பில்லை.

#18 சொல்தா வீட்டுப் பிள்ளை

தாத்தாவின் சேவைப் பதிவைத் தேட வழி இருக்கிறதா? எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

#19 வடகரை

இருக்கிறது தம்பி. பிரெஞ்சு ராணுவ ஆட்களின் தனிப்பதிவுகள் தென்மேற்குப் பிரான்சின் போ (Pau) நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படை எண் கொடுத்துக் குடும்பத்தார் எழுதிக் கேட்கலாம். ஓய்வூதியப் புத்தகத்தில் படை எண் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பிரிவின் பெயர் கிடைத்துவிட்டால், அந்தப் பிரிவின் அன்றாட நடவடிக்கைப் பதிவேடு பாரிஸ் பக்கத்து வின்சென் கோட்டைக் காப்பகத்தில் இருக்கலாம்.

அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ‘தப்ப முயன்றபோது சுடப்பட்டான்’ என்ற வரி எத்தனை முறை வருகிறது, கொல்லப்பட்டவர்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கைப்பற்றிய துப்பாக்கிகள் எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். இருபது பேர் செத்து இரண்டு துப்பாக்கி கிடைத்திருந்தால், மற்ற 18 பேர் யார் என்று கேட்க வேண்டியிருக்கும். உங்கள் தாத்தா அன்று அங்கே இருந்தாரா என்பது அதிலிருந்து தெரியாது. ஊரின் பெயர் தெரிந்துவிடும்.

#20 சொல்தா வீட்டுப் பிள்ளை

அம்மாவிடம் பென்ஷன் புத்தகத்தைக் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதிப் போடுகிறேன். பதில் வந்தால் ஊர்ப் பெயரை இங்கேயே எழுதுகிறேன், அங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முல்லைநிலம் அக்காவின் உதவி வேண்டும்.

#21 முல்லைநிலம்

எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம். அந்த ஊர்க்காரர்கள் சொன்னதாக ஏதாவது பதிவாகியிருந்தால் அதையும் தேடிப் பார்க்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.